மோட்டார் போட்டா சாமி ரூம் பல்பு பளீர்னு எரியுது, ஃப்ரிட்ஜுக்கு எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம்?

மாடிப்படி:
வணக்கம் மக்களே. கேள்வி என்னமோ ஸ்டெபிலைசர் பத்தித்தான், ஆனா கொஞ்சம் கதையோட சொன்னாத்தான் புரியும். திருச்சி பக்கம் வீடு, அப்பா 1994ல கட்டினது, 3 ஃபேஸ் சர்வீஸ். ரெண்டு மாசமா வீட்ல ஏதாச்சும் ஒண்ணு போயிட்டே இருக்கு. முதல்ல செட்டாப் பாக்ஸ் அடாப்டர், அப்புறம் ஹால்ல நாலு எல்இடி பல்பு ஒவ்வொண்ணா, அப்புறம் வைஃபை அடாப்டர், போன வாரம் டிவிக்கு போட்டிருந்த ஸ்பைக் கார்டு டப்புனு ஒரு சத்தம், கருகின நாத்தம், கழட்டி குலுக்கிப் பாத்தா உள்ள கடகடன்னு ஆடுது. நல்லவேளை டிவி தப்பிச்சிருச்சு. சமையக்கட்டுல இருக்கற ஃப்ரிட்ஜ் பழைய மாடல், அது இப்ப அப்பப்ப டிக்குனு சத்தம் போட்டு நின்னு நின்னு ஓடுது. அது போறதுக்குள்ள ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிடலாம்னு பாக்கறேன். 165 லிட்டர் ஃப்ரிட்ஜுக்கு எது போதும்?

அப்புறம் ஒரு விஷயம், இது சம்பந்தம் இருக்கா தெரியல. தண்ணி மோட்டார் போட்டா சமையக்கட்டு லைட் கொஞ்சம் டல்லாகும், அது எல்லா வீட்லயும் ஆகறதுதான். ஆனா சாமி ரூம்ல இருக்கற செவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மோட்டார் போட்டா பளீர்னு எரியுது. அம்மா "பாரு மோட்டார் போட்டா சாமிக்கே வெளிச்சம் வருது"ன்னு சிரிப்பாங்க.

பால்கனி_தோட்டம்:
தனித்தனியா வாங்காதீங்க, மெயின் லைனுக்கே ஒரு பெரிய ஸ்டெபிலைசர் போட்டுடுங்க, ஒரே செலவா போயிடும். எங்க அபார்ட்மெண்ட்ல மாமா அப்படித்தான் போட்டிருக்கார்.

ரவுட்டர்_ரிப்பேர்:
எல்இடி பல்பு போறது எல்லாம் ஒரு மேட்டரே இல்ல ப்ரோ, இப்ப வர்ற பல்பு எல்லாமே அப்படித்தான், ரெண்டு வருஷம் கேரண்டின்னு அட்டையில போட்டு ஆறு மாசத்துல கையில குடுத்துடுவான். அட்டையை எடுத்து வச்சிருந்தா கடையிலயே மாத்திக்கலாம்.

நெல்லை_அல்வா:
சாமி பல்பு தானா பளீர்னு எரியுதுன்னா அதுக்கு ஸ்டெபிலைசர் எதுக்கு, உண்டியல் வைங்க 😄

பழைய_வயர்மேன்:
ஸ்டெபிலைசர் பேச்சை இப்ப விடுங்கம்மா/தம்பி (யாருன்னு தெரியல). நீங்க கடைசியா "சம்பந்தம் இருக்கா தெரியல"ன்னு எழுதினீங்களே அதுதான் மேட்டரே. மத்தது எல்லாம் அதோட விளைவு.

ஒரு வீட்ல பெரிய லோடு ஒண்ணு போட்டா லைட் லேசா மங்கலாம். வயர்ல கொஞ்சம் வோல்டேஜ் குறையும், அது சகஜம். ஆனா எதைப் போட்டாலும் ஒரு லைட் *கூடுதலா* எரியக்கூடாது. அப்படி எரிஞ்சா 3 ஃபேஸ் வீட்ல நான் சந்தேகப்படற முதல் ஆசாமி நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர். எங்கயோ லூஸ், இல்ல கருகி இருக்கு, இல்ல பாதி விட்டுப்போச்சு.

மூணு கேள்வி. 1) மோட்டார் போடும்போது ஹால் ஃபேன் வேகமா சுத்துதா? 2) மெயின் சுவிட்சு பக்கத்துல போய் நின்னா மோட்டார் ஓடும்போது சர்ர்ருனு பொரியற சத்தம் வருதா, மீன் கவுச்சி மாதிரி ஒரு நாத்தம் வருதா? 3) சமையக்கட்டும் மோட்டாரும் ஒரே ஃபேஸ்ல இருக்கா?

பதில் வர்ற வரைக்கும் டிவி, ரவுட்டர், சார்ஜர் எல்லாத்தையும் பிளக்க விட்டு கழட்டி வைங்க. சுவிட்சை ஆஃப் பண்ணா பத்தாது.

மாடிப்படி:
அண்ணா நான் பொண்ணுதான் 🙂 ஃபேன் விஷயம் நீங்க சொன்னப்புறம்தான் ஓடிப்போய் பாத்தேன், ஆமா வேகம் கூடுது, ரெகுலேட்டர் ஒரு நம்பர் ஏத்தி வச்ச மாதிரி. சமையக்கட்டும் மோட்டாரும் ஒரே ஃபேஸ்தான், அப்பா டிபி பாக்ஸ் (கரண்டை ரூம் ரூமா பிரிச்சு விடற பெட்டி) மூடியில ஸ்கெட்ச்ல எழுதி வச்சிருக்கார், சிவப்புல மோட்டார் கிச்சன், மஞ்சள்ல ஹால் சாமி ரூம், நீலத்துல பெட்ரூம் ரெண்டும். சத்தம் எதுவும் கேக்கல. நாத்தம்... மெயின் சுவிட்சு மாடிப்படிக்கு அடியில இருக்கு, அங்க செருப்பு ஸ்டாண்டும் இருக்கு, அதனால எது எந்த நாத்தம்னு சொல்ல முடியல.

ஆனா ஒண்ணு புரியல. ஒரே வீட்ல ஒரு பக்கம் லோ வோல்டேஜ், இன்னொரு பக்கம் ஹை வோல்டேஜ் எப்படி வரும்? வர்ற கரண்ட் ஒண்ணுதானே?

பழைய_வயர்மேன்:
நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உங்க வீட்டுக்கு மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல் வருது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230. ஆனா ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவுல 400. நியூட்ரல்னு ஒருத்தன் நடுவுல கெட்டியா நிக்கறவரைக்கும் ஆளாளுக்கு 230 கிடைக்கும். அவன் கால் வழுக்கிட்டா அந்த 400ஐ ரெண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போட்டுக்கும், அந்தப் பங்கு நியாயமா இருக்காது.

கணக்கு போட்டுப் பாருங்க. சிவப்பு ஃபேஸ்ல 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ், அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். மஞ்சள் ஃபேஸ்ல 60 வாட்ஸ் குண்டு பல்பு, அது சுமார் 880 ஓம். நியூட்ரல் முழுசா விட்டுப்போச்சுன்னா இது ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா 400 வோல்ட்ல மாட்டிக்கும். அயர்ன் பாக்ஸுக்கு 23 வோல்ட் கிடைக்கும், அது சூடே ஆகாது. பல்புக்கு 377 வோல்ட். அது என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதிக லோடு இருக்கற பக்கம் பட்டினி, கம்மி லோடு இருக்கற பக்கம் வெள்ளம். உங்க செட்டாப் பாக்ஸ் அடாப்டர் என்ன ஒரு பத்து வாட்ஸ் இருக்குமா, அதான் முதல் பலி.

உங்களுக்கு இன்னும் முழுசா விடல, பாதி பிடிச்சுட்டு இருக்கு. அதான் ரெண்டு மாசமா ஒவ்வொண்ணா போகுது. முழுசா விட்டிருந்தா ஒரே நாள்ல எல்லாம் போயிருக்கும்.

சமையக்கட்டு ஃப்ரிட்ஜ் டிக்குனு நிக்குதே, அது ஹை வோல்டேஜால இல்ல, மோட்டார் இருக்கற ஃபேஸ்லயே இருக்கறதால அதுக்கு வோல்டேஜ் பத்தல. கம்ப்ரஸர் கிளம்ப முடியாம முக்கி, ஓவர்லோடு சூடாகி கட் பண்ணுது. அந்த டிக் சத்தம் அதுதான்.

ரவுட்டர்_ரிப்பேர்:
பெரியவரே மன்னிச்சிக்கோங்க, பல்பை திட்டி போஸ்ட் போட்டுட்டேன். ஒரு டவுட்டு, ஹால்ல எல்இடியும் இருந்திருக்கு, அது ஏன் பளீர்னு எரியல? அவங்க சாமி பல்பைத்தானே சொல்றாங்க.

பழைய_வயர்மேன்:
அது நல்லா கவனிச்சீங்க. எல்இடி உள்ள ட்ரைவர் இருக்கு, வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு கரண்ட்தான் விடும், நல்ல பல்பா இருந்தா. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள செத்துட்டு இருக்கும். ஜீரோ வாட்ஸ் பல்புன்னு பேருதான் ஜீரோ, உள்ள இருக்கறது இழை, 15 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினா வெளிச்சம் ரொம்ப ஏறும். குண்டு பல்பு இருந்த காலத்துல வீட்ல இருக்கறவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க, "ஏங்க பல்பு ஏத்தி ஏத்தி எரியுது"ன்னு சொல்லிக் கூப்பிடுவாங்க. இப்ப எல்லாம் எல்இடி ஆனப்புறம் அந்த சகுனம் போச்சு. உங்க வீட்டு வோல்ட்மீட்டர் இப்ப சாமி ரூம்லதான் இருக்கு.

சுத்தியல்:
எங்க வீட்லயும் இதே பிரச்சனை வந்துச்சு, நியூட்ரல் ப்ராப்ளம்னுதான் சொன்னாங்க. எங்க ஊர் எலக்ட்ரீஷியன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டார், எர்த்துல இருந்து ஒரு வயர் இழுத்து நியூட்ரலுக்கு குடுத்துட்டார், 3 வருஷம் ஆச்சு ஒரு பிரச்சனையும் இல்ல. சிம்பிள் வேலைங்க, இதுக்குப் போய் இவ்ளோ பெரிய கணக்கு எதுக்கு.

பழைய_வயர்மேன்:
தம்பி சுத்தியல், கோவிச்சுக்காதீங்க, ஆனா இதை சும்மா விட்டுட்டு போக முடியாது, படிக்கறவங்க யாராச்சும் செஞ்சுடுவாங்க.

எர்த் வயர் எங்க போகுது? உங்க வீட்டு கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாத்தோட வெளி உடம்புக்கும் போகுது. அந்த வயரை நியூட்ரலா மாத்திட்டா வீட்டுல ஓடற கரண்ட் எல்லாம் அது வழியா குழிக்குப் போகுது. குழியில கரியும் உப்பும் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? தண்ணி ஊத்தறீங்களா? சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா அந்தக் குழியோட ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். அப்ப அங்க வோல்டேஜ் நிக்கும். எங்க நிக்கும்? வாஷிங் மெஷின் மூடி மேல, ஃப்ரிட்ஜ் கைப்பிடி மேல. அந்த எர்த் வயர் குழிகிட்ட துரு பிடிச்சு அத்துப்போச்சுன்னு வைங்க, முடிஞ்சது, ஒரு லைட் சுவிட்சு போட்டா போதும், 230 வோல்ட் நேரா எல்லா பாடிக்கும் வந்துடும். ஃப்யூஸ் போகாது, எம்சிபி (லோடு அதிகமானா தானா விழற சுவிட்சு) விழாது. ஈரக்கையோட யார் முதல்ல தொடறாங்களோ அவங்கதான் ஃப்யூஸ்.

எர்த் குழி 10 ஓம்னு வச்சுக்குவோம், பல வீட்ல அதுக்கும் மேல. 230ஐ 10ஆல வகுத்தா 23 ஆம்ப்ஸ். 32 ஆம்ப்ஸ் எம்சிபி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது.

அப்புறம் ஒரு கேள்வி. உங்க வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழற சுவிட்சு) இருக்கா? நல்ல ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப்ஸ்ல விழணும். எர்த்தை நியூட்ரலா குடுத்தா அது நிக்கவே நிக்காது, போட்டதும் விழும். அப்ப உங்க எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் பண்ணித்தான் இந்த வேலையை செஞ்சிருக்கணும்.

சுத்தியல்:
ஆர்சிசிபி "சும்மா சும்மா விழுது"ன்னு கழட்டிட்டு நேரா குடுத்துட்டார் அன்னிக்கே. அவர் நல்லா தெரிஞ்சவர் தாங்க, ஊர்ல எல்லாரும் அவர்கிட்டதான். பாக்கறேன்.

கோவைக்காரி:
ஏனுங்க பெரியவரே, ஆர்சிசிபி பேச்சு வந்ததால நடுவுல பூந்து கேக்கறேன். எங்கூட்ல கீசர் போட்டா ஒரு பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் வீடே ஆஃப் ஆயிருது. எலக்ட்ரீஷியன் வந்து ஆர்சிசிபி வீக்குன்னு புதுசு மாத்திட்டாருங்க, அதும் அதே மாதிரித்தான் விழுது.

பழைய_வயர்மேன்:
ஆர்சிசிபி மேல தப்பில்லம்மா, அது அதோட வேலையைப் பாக்குது. கீசர் காயில் மேல உறை கீறல் விட்டிருக்கும். ஆறி இருக்கும்போது தாங்கும், சூடாக சூடாக கசிவு ஏறி 30 மில்லியை நெருங்கினதும் விழும். கீசர் பிளக்கை கழட்டிட்டு ரெண்டு நாள் பாருங்க. விழலேன்னா காயில் மாத்துங்க. உங்களுக்கு சிறுவாணி தண்ணியா போர் தண்ணியா?

கோவைக்காரி:
போர் தண்ணிங்க. ரெண்டு வருஷமா. பக்கெட்டே வெள்ளையா பூத்துப்போகும்.

பழைய_வயர்மேன்:
அதேதான். காயிலும் அப்படித்தான் பூத்துப்போய் இருக்கும். மாத்தற வரைக்கும் கீசர் ஓடும்போது குளிக்காதீங்க, ஆஃப் பண்ணிட்டு குளிங்க.

பால்கனி_தோட்டம்:
மாடிப்படி, நீங்க ஒண்ணு செய்யலாம், ஃபேஸ் மாத்தற சுவிட்சு இருக்குமே, மூணையும் ஒரே ஃபேஸ்ல திருப்பி விட்டுடுங்க. ஒரே ஃபேஸ்னா 400 எங்கிருந்து வரும்? எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் ஓட்டிக்கலாம்ல?

பழைய_வயர்மேன்:
பாதி சரி. எல்லாம் ஒரே ஃபேஸ்ல இருந்தா ஹை வோல்டேஜ் வராது, நியூட்ரல் விட்டா எல்லாம் மங்கி அணைஞ்சுதான் போகும், பொருள் பொழைச்சுக்கும். ஆனா மீதி பாதியையும் பாருங்க. மூணு ஃபேஸ்ல பிரிஞ்சு ஓடும்போது நியூட்ரல்ல மிச்சம்மீதி கரண்ட்தான் வரும், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். எல்லாத்தையும் ஒரே ஃபேஸ்ல தள்ளினா மொத்தமும் கூட்டி நியூட்ரல் வழியாத்தான் திரும்பணும். ஏற்கனவே கருகிக்கிட்டு இருக்கற ஜாயிண்ட் மேல மூட்டையைத் தூக்கி வைக்கற மாதிரி. பொருளைக் காப்பாத்தி வீட்டைக் கொளுத்திடக்கூடாது. ஒரு லைட், ஒரு ஃபேனோட இருக்க முடியும்னா செய்ங்க. மோட்டார் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது. முடியாதுன்னா மெயின் ஆஃப்.

மாடிப்படி:
இன்னிக்கு காலையில எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து டெஸ்டர் வச்சு எல்லா ப்ளக் பாயிண்ட்லயும் பாத்தார், எல்லாத்துலயும் எரியுது "லைன் எல்லாம் நல்லா இருக்கு, வர்ற வோல்டேஜே அப்படித்தான், புகார் குடுங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டார். என்ன பண்றது?

பழைய_வயர்மேன்:
டெஸ்டர்ங்கறது ஃபேஸ் இருக்கான்னு மட்டும் சொல்ற குச்சி. 150 வந்தாலும் எரியும் 350 வந்தாலும் எரியும். நியூட்ரல் இருக்கா இல்லையான்னு அது நேரா சொல்லாது. ஒரு சூழ்நிலையில மட்டும் உபயோகம், நியூட்ரல் முழுசா விட்டுப்போய் ஏதாச்சும் லோடு சுவிட்சு போட்ட நிலையில இருந்தா பிளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டையிலயும் எரியும். "ரெண்டு பக்கமும் கரண்ட் வருது"ன்னு சொல்லுவாங்களே, அது ரெண்டு கரண்ட் இல்ல, ஒரே கரண்ட் லோடு வழியா சுத்தி வந்து நிக்குது. உங்களுக்கு பாதி விட்ட கேஸ், அதுல தெரியாது.

மல்டிமீட்டர் வச்சிருக்கற ஆளைக் கூப்பிடுங்க. முன்னூறு ரூபா மீட்டர் போதும். அவர்கிட்ட இதைக் காட்டுங்க: மோட்டார் ஓடாதப்ப மெயின் சுவிட்சுக்கு அப்புறம் மூணு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, மோட்டார் ஓடும்போது எவ்வளவு. அதையே மெயின் சுவிட்சுக்கு முன்னாடி, மீட்டர்ல இருந்து வந்து சேர்ற இடத்துல. ரெண்டு இடத்துலயும் ஆடுச்சுன்னா தப்பு வெளிய, கம்பத்துலயோ சர்வீஸ் வயர்லயோ. முன்னாடி கெட்டியா நின்னு பின்னாடி மட்டும் ஆடுச்சுன்னா தப்பு உங்க பெட்டிக்குள்ள. வெளியன்னா மீட்டரையும் சீல் வச்ச கட்அவுட்டையும் (ஃப்யூஸ்) நீங்களோ எலக்ட்ரீஷியனோ தொடவே கூடாது, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987, ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்க, "நியூட்ரல் லூஸ், வோல்டேஜ் ஏறி இறங்குது"ன்னே சொல்லுங்க, சும்மா "கரண்ட் சரியில்ல"ன்னு சொன்னா பட்டியல்ல கடைசிக்கு போயிடும்.

இன்னொண்ணு. பெட்டியைத் திறக்கறதுக்கு மெயினை இறக்கினா மட்டும் பத்தாது, மெயினுக்கு மேல்பக்கம் உயிரோடத்தான் இருக்கும். மூணு ஃபேஸ் ஃப்யூஸையும் உருவின அப்புறம்தான் நியூட்ரல் மேல கை வைக்கணும். ஃபேஸ் ஓடும்போது நியூட்ரலை மட்டும் கழட்டினா, நான் மேல சொன்ன 377 வோல்ட் கணக்கு அந்த நிமிஷமே உங்க வீட்ல நடக்கும். "லூஸா இருக்கு, ஸ்க்ரூவை டைட் வச்சுட்டேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கருகின இடத்தை டைட் பண்றது புண்ணு மேல பவுடர் போடற மாதிரி.

நெல்லை_அல்வா:
அண்ணாச்சி ஒரு சந்தேகம். எங்க பழைய வீட்டு போர்டுல பீங்கான் ஃப்யூஸ் ரெண்டு இருக்கு, ஒண்ணு ஃபேஸ், ஒண்ணு நியூட்ரல். ரெண்டுலயும் ஃப்யூஸ் வயர் போட்டுத்தான் வச்சிருக்கோம். தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். இது சரியா தப்பா?

பழைய_வயர்மேன்:
தப்பு. நியூட்ரல்ல ஃப்யூஸ் இருக்கவே கூடாது, 1956 மின்சார விதியிலயே நியூட்ரல்ல தனியா கட்அவுட் போடக்கூடாதுன்னு இருந்துச்சு. நியூட்ரல் ஃப்யூஸ் முதல்ல போச்சுன்னா வீடு இருட்டாயிடும், எல்லாரும் கரண்ட் இல்லேன்னு நினைச்சுக்கிட்டு பல்பை கழட்டக் கை வைப்பாங்க, ஃபேஸ் அங்கயேதான் இருக்கும். ஆள் கூப்பிட்டு அந்த இடத்துல ஃப்யூஸ் வயர் இல்லாம நேரா லிங்க் (கெட்டி இணைப்பு) போடச் சொல்லுங்க. போர்டே மரப்பலகைன்னா மொத்தமா மாத்திடுறது நல்லது.

மாடிப்படி:
அப்டேட்!! கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வேற ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார், சின்னப் பையன், மல்டிமீட்டர் கையோட. நான் உங்க போஸ்ட்டை அப்படியே ஃபோன்ல காட்டினேன், படிச்சுட்டு "யாருக்கா இவரு"ன்னு கேட்டார். அப்புறம் நான் நோட்டும் பேனாவுமா பக்கத்துல உக்காந்துட்டேன்.

மோட்டார் ஆஃப்ல மெயினுக்கு அப்புறம்: சிவப்பு 229, மஞ்சள் 232, நீலம் 233.
மோட்டார் ஆன்: சிவப்பு 194, மஞ்சள் 249, நீலம் 251.
மோட்டார் ஆன்லயே மெயினுக்கு முன்னாடி, மீட்டர் பக்கம்: 226, 231, 232.

மூணாவது வரியைப் படிச்சதும் அவரே "அக்கா வெளிய ஒண்ணும் இல்ல, இங்கதான்"னு சொல்லிட்டார். அப்புறம் ஒரு வேலை செஞ்சார், மீட்டரோட ஒரு முனையை உள்ள வர்ற நியூட்ரல் வயர்லயும் இன்னொரு முனையை வெளிய போற நியூட்ரல்லயும் வச்சார். நியூட்ரலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒண்ணுமே வரக்கூடாதாம். 34 வோல்ட் காட்டுச்சு!

ஃப்யூஸ் எல்லாம் உருவிட்டு திறந்து பாத்தோம். நியூட்ரல் லிங்க்னு ஒரு பித்தளைக் கட்டை, அதுல உள்ள வர்ற அலுமினிய வயரும் வெளிய போற செம்பு வயரும் ஒரே ஸ்க்ரூவுல முறுக்கி வச்சிருந்திருக்காங்க. ஸ்க்ரூ தொட்டதும் அரை சுத்து சும்மாவே சுத்துது. அலுமினிய வயர் மேல இருந்த கருப்பு உறை முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு உடையுது, உள்ள கம்பி சாம்பல் கலர்ல மாவு பூத்த மாதிரி. கட்டைக்கு அடியில இருந்த பேக்கலைட் கொப்புளிச்சு பொங்கி இருந்துச்சு. பக்கத்துல ஒரு பல்லி, காஞ்சு போய், பாவம். மரத்துல செஞ்ச பெட்டி வேற. பின்பக்கம் பலகை உள்ளங்கை அகலத்துக்கு கரியாகி இருந்ததைப் பாத்ததும்தான் எனக்கு கை நடுங்குச்சு.

பழைய_வயர்மேன்:
அந்த 34 வோல்ட்தான் எல்லாத்தையும் சொல்லுது. மோட்டார் ஒரு அஞ்சு ஆம்ப்ஸ் இழுத்திருக்கும்னு வைங்க, கூட்டிப்பெருக்கினா 170 வாட்ஸ். சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான் இருக்கும், அதுல ஈயமே உருகுது. ஏழு சால்டரிங் அயர்னை ஒரு சுண்டுவிரல் அளவு ஸ்க்ரூ மேல சேத்து வச்ச மாதிரி, மரப்பெட்டிக்குள்ள, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல. டேங்க் ரொம்பற இருபது நிமிஷத்தோட மோட்டார் நின்னதாலதான் தப்பிச்சீங்க.

அலுமினியமும் செம்பும் நேரா தொட்டுக்கிட்டா இப்படித்தான். ஈரம் பட்டா அரிக்கும், சூடாகி ஆறி சூடாகி ஆறி அலுமினியம் நசுங்கிக்கிட்டே போகும், ஸ்க்ரூ தானா லூஸாகும். லூஸானா சூடு, சூடானா இன்னும் லூஸ். அப்பா கட்டின காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க, அவர் மேல தப்பில்ல.

249 வந்து அடாப்டரை உடனே சாகடிக்காது. ஆனா அந்த ஜாயிண்ட் பொரியும்போது நொடிக்கு நொடி விட்டு விட்டுப் பிடிக்கும், விடற அந்த நொடியில முன்னூறைத் தாண்டும். ஸ்பைக் கார்டு உள்ள ஒரு வட்ட வில்லை இருக்கும், இடி மாதிரி ஒரு கணம் வர்ற அடியை வாங்கறதுக்கு. தொடர்ந்து ஏறின வோல்டேஜை தாங்காது, சூடாகி வெடிச்சுடும். உங்க டிவிக்கு பதிலா அது போச்சு.

என்ன செஞ்சார், முழுசா மாத்தினாரா?

மாடிப்படி:
முதல்ல அவரும் "நல்லா தேச்சு டைட் வச்சுடவாக்கா"ன்னுதான் கேட்டார் 😅 நான் புண்ணு மேல பவுடர்னு சொன்னதும் சிரிச்சுட்டார். கருகின வரைக்கும் வயரை வெட்டினா நீளம் பத்தல, அதனால அலுமினிய முனைக்கு பைமெட்டல் லக் (ரெண்டு உலோகம் சேந்த முனை) வச்சு கிரிம்ப் பண்ணி (அழுத்திப் பிடிக்க வச்சு), புது லிங்க் போட்டு, செம்புக்கும் அலுமினியத்துக்கும் தனித்தனி ஸ்க்ரூ. மரப்பெட்டியை எடுத்துட்டு இரும்புப் பெட்டி. லிங்க் விலை நூறு ரூபா கூட இல்ல, பெட்டியும் கூலியும் சேத்து ரெண்டாயிரத்து சொச்சம், சுண்டக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான், ஆனா குடுக்கும்போது ஒரு வார்த்தை பேசல நான்.

இப்ப மோட்டார் ஆன்ல 226, 231, 232. நியூட்ரலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மீட்டர்ல அரை வோல்ட் கூட இல்ல.

ஃப்ரிட்ஜ் டிக் சத்தம் நேத்துல இருந்து இல்ல. ஸ்டெபிலைசர் வாங்கவா வேண்டாமா, அதை இன்னும் நீங்க சொல்லவே இல்லையே.

பழைய_வயர்மேன்:
226 நிக்கற வீட்ல எதுக்கும்மா. அந்தக் காசுல டிபி பாக்ஸ்ல வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒண்ணு போட்டுக்கோங்க, ஏறினாலும் குறைஞ்சாலும் கட் பண்ணி, சரியானப்புறம் கொஞ்சம் காத்திருந்து தானா போடும். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஹை வோல்டேஜுக்கு விழாது, நிறைய பேர் அது இருக்கேன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு கம்பத்துல நியூட்ரல் அத்துக்கிட்டாலும் அது காப்பாத்தும். மூணு ஃபேஸுக்கும் போடணும்.

ரவுட்டர்_ரிப்பேர்:
இதைப் படிச்சுட்டு எங்க வீட்டு மெயினை தொட்டுப் பாத்தேன் (வெளிப்பக்கம்தான்), வெதுவெதுன்னு இருக்கு. பொதுவா அப்படி இருக்குமா?

பழைய_வயர்மேன்:
வெயில் படற சுவரா இல்லேன்னா இருக்காது. நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்க.

சுத்தியல்:
பெரியவரே, நாலு நாளா எழுதவேண்டாம்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க சொன்னதும் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் வீட்ல இவகிட்ட வாஷிங் மெஷின் எப்படின்னு கேட்டேன். "தொட்டா நமநமன்னு இருக்கும், ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன், செருப்பு போட்டுட்டு துவைன்னு நீதானே சொன்னே"ங்கறா. நான் சொல்லி இருக்கேன், ஞாபகமே இல்ல. மீட்டர் வாங்கி வாஷிங் மெஷின் மூடிக்கும் தரைக்கும் வச்சுப் பாத்தேன், 41 வோல்ட். இது மழை பெஞ்ச அன்னிக்கு. வேற ஆளை வச்சு அந்த வயரை எடுத்தாச்சு, நியூட்ரல் புதுசா இழுத்தாச்சு, ஆர்சிசிபி திரும்ப போட்டாச்சு. பழைய ஆர்சிசிபி பரண்ல அட்டைப்பெட்டிலயே இருந்துச்சு, ஆனா புதுசே வாங்கிட்டேன்.

பழைய_வயர்மேன்:
நல்லது தம்பி. ஆர்சிசிபில டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்குங்க, விழணும்.

கோவைக்காரி:
காயில் மாத்தியாச்சுங்க. பழசை எடுத்துப் பாத்தா சுண்ணாம்புல செஞ்ச முறுக்குக் கணக்கா இருக்குது. மூணு நாளா விழல.

மாடிப்படி:
கடைசியா ஒண்ணு, இது கேள்வி இல்ல. இன்னிக்கு சாயங்காலம் விளக்கு ஏத்தப் போன அம்மா கூப்பிட்டு "என்னடி ரிப்பேர் பண்ணீங்க, சாமி பல்பு மங்கலா எரியுது, மோட்டார் போட்டும் ஏறமாட்டேங்குது, அந்தப் பையனை திரும்பக் கூப்பிடு"ங்கறாங்க. எவ்ளோ சொல்லியும் கேக்கல. பெரிய பல்பா ஒண்ணு வாங்கிட்டு வான்னு கடைக்கு அனுப்பிட்டாங்க.